நாற்பத்தெட்டு வயதில் எந்த ஜேர்சி?

இலண்டனில் இருக்கும் என் மனைவியின் தம்பி வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரவிருக்கிறார். “அத்தான், உங்களுக்கு லிவர்பூல் ஜேர்சி ஒண்டு கொண்டு வாறன், என்ன சைஸ்?” என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிக்கு வந்துவிட்டது. “உந்த வண்டியோட பொடியளின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு பரந்தன் சந்தியில நிக்கப் போறாராமோ?” கேள்வியும் ஏளனமும் சிறியவைதான். ஆயினும், நடு வயதைத் தாண்டிய உதைபந்தாட்ட இரசிகர் தம் அணியின் ஜேர்சியை அணிவதா, அணிவதானால் அசலையா, கடையில் தொங்கும் நகலையா, ஊர்க் கழகத்தினுடையதையா, அல்லது எதுவும் வேண்டாமென்று வழமையான சேட்டோடு இருந்துவிடுவதா என்பதை ஒருமுறை ஒழுங்காக நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என் வயதுக்காரர் பலர் இந்தக் கேள்வியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 18 இரவு, ஆர்ஜன்ரீனாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டத்தைப் பார்க்க, மகனின் நீலவெள்ளை ஜேர்சியை இரவல் வாங்கி அணிந்துவந்த தகப்பன்மார் இருவரை நானே கண்டேன். இருவரும் வீடு திரும்பும்போது அதன் மேல் வேறு சேட்டைப் போட்டு மூடிக்கொண்டார்கள்.

மனைவியின் ஏளனத்தில் வரலாற்று உண்மை கொஞ்சம் இருக்கிறது. 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்திலேயே பெரியவர்கள் மைதானத்துக்குக் கோட்டும் தொப்பியும் அணியின் நிறத்தில் பின்னிய கழுத்துச் சால்வையுமாகப் போனார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை விளையாட்டு வீரரின் மேலாடை வீரருக்கே உரியதாக இருந்தது. லீசெஸ்ரர் நகருக்கு அருகே உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த அட்மிரல் நிறுவனம் 1973 இல் லீட்ஸ் யுனைட்டட் கழகத்துடனும் 1974 இல் இங்கிலாந்துத் தேசிய அணியுடனும் உடன்பாடு செய்து, அந்த அணிகளுக்கெனத் தனி வடிவங்களை வரைந்து, அவற்றையே கடைகளில் விற்கும் உரிமையையும் பெற்றது. அந்த விற்பனை சிறுவர்களைக் குறிவைத்தே நடந்தது. பெரியவர்கள் பரவலாக அணியத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும்தான். ஆகவே ‘பொடியளின்ர உடுப்பு’ என்பது தவறான பெயரன்று. ஆனால் அன்று பத்து வயதில் அட்மிரல் ஜேர்சி அணிந்த இங்கிலாந்துப் பொடியனுக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. அவன் அதைக் கழற்றாமலேயே வளர்ந்துவிட்டான் என்று வேண்டுமானால் சொல்லலாம். எங்கள் தலைமுறைக்கு நடந்தது நேர்மாறு. பத்து வயதிலும் இருபது வயதிலும் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. வயது போனபின் கிடைக்கும் பொருளை வயதைக் காட்டியே மறுப்பதில் எனக்கு அவ்வளவு நியாயம் தெரியவில்லை.

ஜேர்சியே வேண்டாம் என்ற தெரிவை இந்த இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதற்கான மிக வலுவான சாட்சி எங்கள் வாழ்க்கைதான். 1998 உலகக் கிண்ணத்தின்போது வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருக்க, டைனமோவில் பாடிய வானொலியின் செய்தியில்தான் பிரான்ஸ் பிரேசிலை 3–0 என்று வென்றதையும் அதில் இரண்டு கோல்களைச் சிடான் தலையால் அடித்ததையும் அறிந்தோம். அந்த நாட்களில் எங்கள் மாலை ஆட்டங்களில் ஒரு அணி மேலாடையோடு ஆடும், மற்ற அணி வெறும் மேலோடு ஆடும். பந்தைக் கொடுப்பதற்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை. பிரேசிலுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த நண்பன் ஒருவனிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு கைலேஞ்சிகூட இருக்கவில்லை. அபிமானத்துக்குத் துணி தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது. ஆனாலும் அதை ஒரு கொள்கையாகத் தூக்கிப் பிடிக்க நான் தயங்குகிறேன். அன்று நாங்கள் அணியாமல் இருந்தது இல்லாமையால். விரும்பித் தெரிந்தெடுத்த எளிமையால் அன்று.

அசல் ஜேர்சியின் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடும் தன்மையுடையது. இங்கிலாந்தின் பெரிய கழகங்களின் பெரியவர் அளவு ஜேர்சி இப்போது 80 ஸ்ரேர்லிங் பவுணை ஒட்டியும் அதற்கு மேலும் விற்கிறது. வீரர்கள் அணியும் அதே தரம் என்று தனியாக விற்கப்படும் வகை 120 பவுணளவில் இருக்கிறது. எங்கள் ரூபாவில் முன்னையது மட்டுமே 30,000 ஐத் தாண்டும். இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அப்படியானால், ஒரு தொழிலாளியின் முழு மாத உழைப்பு ஒரு மேலாடைக்கு ஈடு. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஆடைத்தொழிற்சாலைப் பேருந்துகளில் விடியற்காலையில் ஏறும் பிள்ளைகளை நாளும் காணும் ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது. ‘என் பணம் என் கழகத்துக்குப் போகிறது’ என்ற ஆறுதலும் பாதிதான் உண்மை. கழகங்கள் உற்பத்தி நிறுவனங்களிடம் பெருந்தொகையை முன்கூட்டியே பேசி முடித்துவிடுகின்றன. மன்செஸ்ரர் யுனைட்டட் 2014 இல் அடிடாஸ் நிறுவனத்துடன் செய்த உடன்பாடு பத்தாண்டுகளுக்கு 750 மில்லியன் பவுண் பெறுமதியானது. தனித்தனி ஜேர்சியின் விலையில் பெரும்பகுதி உற்பத்தியாளருக்கும் கடைக்காரருக்கும் வரிக்கும் போக, கழகத்தைச் சேர்வது சிறு பங்கே. இந்த வியாபாரத்தில் இரசிகரின் அன்பை எவ்வளவு தூரம் பிழிந்தார்கள் என்பதற்கு நீதி வழிப் பதிவும் இருக்கிறது. ஜேர்சி விலையைக் குறையவிடாமல் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட குற்றத்துக்காக, 2003 இல் பிரித்தானிய நியாய வர்த்தக அலுவலகம் பல விற்பனையாளர்களுக்கும் ஜேர்சி உற்பத்தியாளரான உம்ப்ரோ நிறுவனத்துக்கும் மன்செஸ்ரர் யுனைட்டட் கழகத்துக்குமாக மொத்தம் 18.6 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது.

அதற்கு மேல், அந்த விலையின் ஆயுள் ஓராண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் வடிவம் மாறும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தியாளரே மாறுவார். லிவர்பூலுக்கு 2020 இல் வந்த நைக் 2025 இல் போய் அடிடாஸ் வந்தது. புதியது வந்தவுடன் பழையது அரை விலைக்கு இறங்கும். பருவம் மே மாதத்தில் முடிவதால், எங்கள் வைகாசிப் பொங்கலுக்கு வரும் உறவினர் சரியாக அந்த மலிவு நேரத்தில் விமானம் ஏறுகிறார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அசலை விரும்புவோருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் என்னிடம் இல்லை.

நகலை, கடையில் ‘கொப்பி’ என்று வெளிப்படையாகவே சொல்லித் தருவார்கள். நான் கடைசியாக விசாரித்தபோது கிளிநொச்சியில் 2,000 ரூபாவை ஒட்டியிருந்தது. சட்டப்படி அது போலிப் பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் மாதச் சம்பளத்தை விலையாகக் கேட்கும் நிறுவனத்துக்காக இரக்கப்படும்படி எங்கள் பொடியளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. என் மறுப்பு வேறு வகையானது. முதல் நகலை நான் 2005 இல் வாங்கினேன். இஸ்தான்புல்லில் ஏசி மிலானிடம் முதல் பாதியில் 0–3 என்று பின்னின்ற லிவர்பூல் 3–3 ஆக்கி, தண்ட உதைகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அந்த மே 25 இரவை, ஜெனரேற்றர் சத்தத்தின் நடுவே நள்ளிரவு தாண்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். சமாதான காலம், ஏ9 வீதி திறந்திருந்தது, யாழ்ப்பாணம் போன இடத்தில் வாங்கிவந்தேன். அது 2009 இடப்பெயர்வில் விட்டுவந்த பொருட்களோடு போயிற்று. இரண்டாவதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வாங்கினேன். மூன்றாவது தோய்ச்சலில் நெஞ்சிலிருந்த பறவைச் சின்னம் ஒரு சிறகாக உரிந்தது, ஐந்தாவதில் மற்றச் சிறகும் போயிற்று. கடைக்காரர் ‘அண்ணை, உதை வெயிலிலையோ காயப்போட்டனீங்கள்?’ என்று என்னையே குற்றவாளியாக்கினார். வன்னியில் வெயிலில் காயப்போடாமல் வேறு எதில் காயப்போடுவது? நகலின் இன்னொரு குறை, அது விவரத்தில் பொய் சொல்வது. 2022 இல் ஆர்ஜன்ரீனா மூன்றாவது உலகக் கிண்ணத்தை வென்றதால் சின்னத்தின் மேல் மூன்று நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். அதன்பின் வந்த வடிவங்களின் நகல்களிலும் இரண்டு நட்சத்திரங்களோடு கிடந்தவற்றை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை அசலுக்கும் நகலுக்கும் அடிப்படை ஒன்றே: பொலியெஸ்ரர். பருத்தி இயல்பான நிலையில் தன் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும்; பொலியெஸ்ரர் அரை வீதம்கூட வைத்திருக்காது. ஓடும் வீரனின் வியர்வை துணியின் மேற்பரப்புக்கு வந்து காற்றில் காய்வதற்கு இது உதவும். கதிரையில் இருந்து வாய் மட்டும் ஓடும் இரசிகருக்குப் பங்குனி வெயிலில் உதவுவது குறைவு, மணம் மட்டும் தங்கிவிடும். வெள்ளை ஜேர்சியைப் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் கிணற்றைப் போலக் காவித் தண்ணீர் உள்ள வளவுகளில் றியல் மட்றிட் இரசிகராக இருப்பது வீட்டில் துணி தோய்ப்பவருக்குச் செய்யும் அநியாயம். கிரவல் வீதிப் புழுதியும் தன் பங்குக்குச் சேரும்.

பெரியவர் ஒருவர் அணியும்போது உண்மையில் பாரமாகும் பகுதி, துணியில் எழுதப்பட்டிருப்பவைதான். 2005 இல் நான் வாங்கிய ஜேர்சியின் நெஞ்சில் கால்ஸ்பேர்க் என்று பெரிதாக இருந்தது. 1992 முதல் 2010 வரை அந்தப் பியர் நிறுவனமே லிவர்பூலின் அனுசரணையாளர். குடிக்காத நான் நான்கு ஆண்டு அதற்கு ஊர் ஊராக விளம்பரம் செய்தேன். இப்போது அங்கே ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. பிரிமியர் லீக் கழகங்கள் பல சூதாட்ட நிறுவனங்களை நெஞ்சில் சுமந்தன. 2025/26 பருவத்தின் முடிவோடு நெஞ்சுப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற 2023 இல் தாமே உடன்பட்டன. தொலைபேசிச் சூதாட்டத்தில் பொடியள் பணம் விடும் கதைகள் எங்கள் பக்கமும் கேட்கின்ற காலத்தில், சிறு பிள்ளைகள் பார்த்திருக்க ஒரு தகப்பன் அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு நிற்பதை நான் சரியென்று கொள்ளமாட்டேன்.

முதுகுப் பெயர் அடுத்த சிக்கல். லிவர்பூலிலேயே பிறந்து, அந்தக் கழகத்திலேயே வளர்ந்த அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் 2025 இல் றியல் மட்றிட் போனார். 66 ஆம் இலக்கத்தோடு அவருடைய பெயரை முதுகில் அடித்தவர்களின் ஜேர்சி ஒரே கிழமையில் பழைய துணியாகிவிட்டது. நாற்பது தாண்டியவர் இருபது வயதுப் பொடியனின் பெயரை முதுகில் சுமப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் விலக்கு ஒன்று உண்டு. 2025 ஜூலை 3 இல் வாகன விபத்தில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா இறந்தபின் கழகம் 20 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அறிவித்தது. அந்த இலக்கத்தை அணிபவர் வீரனாக நடிப்பவர் அல்லர், துக்கம் காப்பவர்.

இன்னொன்றையும் அந்தத் துணியிலேயே காணலாம், எனக்கு ஜேர்சியை முற்றாக ஒதுக்க மனம் வராததற்குக் காரணமும் அதுவே. லிவர்பூல் ஜேர்சியின் பின்கழுத்தில் தீச்சுடர்களோடு 97 என்ற எண் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் நெரிசலில் சிக்குண்டு இறந்த இரசிகர்களின் எண்ணிக்கை அது. பல ஆண்டுகளுக்கு 96 என்றே இருந்தது. அன்று படுகாயமடைந்த ஒருவர் 2021 இல் காலமானபோது அவரும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார். இறந்தவர்கள் மேலேயே பழி சுமத்தப்பட்டதையும், அந்தப் பழி பொய்யென்றும் அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும் 2016 இல் மரண விசாரணை நடுவர்கள் கூறும்வரை குடும்பங்கள் இருபத்தேழு ஆண்டுகள் போராடியதையும் வாசித்த நாளில் அந்தக் கழகம் எனக்கு வேறொன்றாகிவிட்டது. உண்மை கேட்டு வீதியோரத்தில் படங்களோடு இருப்பது என்னவென்று கிளிநொச்சியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் நிறம் வெறும் நிறமாக இருப்பதில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் சிவப்பும் மஞ்சளும் எதைக் குறிக்கின்றன என்று அனைவரும் அறிவர். அந்த வாரத்தில் துருக்கியின் கலற்றாசராய்க் கழக ஜேர்சியோ ஸ்பெயின் ஜேர்சியோ அணிந்து சந்தியில் நிற்பவர், தாம் சொல்ல நினையாத ஒன்றைச் சொன்னவராகக் கொள்ளப்படலாம். இங்கிலாந்தின் ஹல் சிற்றி கழகத்தின் சின்னம் ஒரு புலித்தலை, பட்டப்பெயரும் அதுவே. அந்த ஜேர்சியை இங்கு எவரும் அணிந்து நான் கண்டதில்லை. அந்த அணிக்கு இங்கு இரசிகர் குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமாக இருக்காது. இருபது வயதுக்காரர் யோசியாமல் போடலாம். எங்கள் வயதுக்காரருக்கு யோசிக்காமல் எதையும் உடுத்த வராது.

இவை எல்லாவற்றோடும் ஒப்பிட ஊர்க் கழகத்தின் ஜேர்சியை வைத்தால் தராசு வேறு பக்கம் சரிகிறது. வன்னியில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு விளையாட்டுக் கழகமும், அநேகமாக அதனோடு ஒட்டிய சனசமூக நிலையமும் இருக்கும். எங்கள் கழகம் கடைசியாக அடிப்பித்தபோது ஒன்று 1,500 ரூபாவுக்குள் முடிந்தது. நிறம் துணியின் உள்ளேயே பதியும் முறையில் அச்சிடுவதால் சின்னம் உரிவதும் இல்லை. வடிவத்தை எங்கள் பொடியள் ஐரோப்பியக் கழகம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மை; ஒரு தொடரின் அரையிறுதியில் இரண்டு கிராமங்கள் ஒரே பார்சிலோனாக் கோடுகளோடு வந்து, ஒரு அணி தன் ஜேர்சியைப் புறம் மாற்றிப் போட்டு ஆடியது. ஆனால் அதன் எழுத்துகளைப் பாருங்கள். முதுகின் கீழே, பெரும்பாலும், ‘அமரர்’ என்று தொடங்கி ‘ஞாபகார்த்தமாக’ என்று முடியும் ஒரு வரி இருக்கும். ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் மகன், இங்கே காலமான தகப்பனின் பெயரில் இருபது ஜேர்சிக்கும் இரண்டு பந்துக்கும் பணம் அனுப்பியிருப்பார். போரில் போன அண்ணனின் பெயராகவும் அது இருக்கும். லிவர்பூலின் பின்கழுத்தில் 97 எதற்காக இருக்கிறதோ, ஏறத்தாழ அதற்காகவே அந்த வரியும் இருக்கிறது. வேறுபாடு, அந்தப் பெயருக்குரியவரை நான் சந்தையில் கண்டு கதைத்திருக்கிறேன்.

அந்த ஜேர்சியை அணிந்த ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லைக்கோட்டருகே தண்ணீர்ப் போத்தல் தூக்குபவர், கணக்குப் பார்ப்பவர், மாடுகளை மைதானத்திலிருந்து கலைப்பவர் எல்லோரும் அதைத்தான் போட்டிருப்பார்கள். வயதும் வண்டியும் அங்கே பேச்சுக்கு வருவதில்லை. அங்கே ஜேர்சி வேடமாகத் தெரியாமல் வேலையாகத் தெரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மனைவிகூட அதைத் தோய்த்துத் தரும்போது ஒன்றும் சொல்வதில்லை.

இடம் பற்றிய கேள்விகள் எளிதில் தீர்பவை. அலுவலகத்துக்கும் செத்தவீட்டுக்கும் எந்த ஜேர்சியும் பொருந்தாது. கோவிலுக்கு உள்ளே ஆண்கள் மேலாடையைக் கழற்றுவதால் அங்கே இந்தப் பிரச்சினை தானாகவே இல்லாமல் போகும். வெளிநாட்டுக் கழகத்தின் ஜேர்சிக்கு எஞ்சுவது ஆட்ட இரவுகள். இங்கிலாந்தின் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டங்கள் எங்களுக்கு இரவு 7.30 அல்லது 8.30, ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் நள்ளிரவுக்குப் பின் 12.30 அல்லது 1.30. அந்த நேரத்தில் சனசமூக நிலையத்தின் முன்விறாந்தையில் இருக்கும் ஆறேழு பேருக்கு முன்னால் நான் எதை அணிந்தால் என்ன?

இப்படி நிறுத்துப் பார்த்தபின் நகலை முதலில் கழித்தேன். அது எவருக்கும் எதையும் கொடுக்காமல் என்னிடமும் நிலைக்காமல் போகிறது. புதிய பருவத்து அசலை விலைக்காகக் கழித்தேன். பகலில், மைதானத்தில், ஊர்க் கழகத்தின் ஜேர்சி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆட்ட இரவுக்கு மட்டும், பருவம் முடிந்து விலை இறங்கிய அசல் ஒன்று, முதுகில் எவருடைய பெயரும் இல்லாமல். மைத்துனருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். மிஞ்சும் பணத்தில் எங்கள் கோல்காப்பாளருக்குக் கையுறை ஒரு சோடி வாங்கிவரும்படியும் கேட்டேன், இப்போதுள்ளது விரல் நுனியில் கிழிந்து தைக்கப்பட்டது. அவர் சம்மதித்து, மீண்டும் சைஸ் கேட்டிருக்கிறார். மனைவி அளவுநாடாவை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். நான் இன்னும் அருகே போகவில்லை.